நீரடி ஸ்கூட்டரும் கைவிளக்கும்



இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கும்போது விளக்கை எங்கே வைத்துக்கொள்வது? ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. விடியுமுன் நிரை பிடித்து மரத்துக்கு மரம் நடக்கையில், ஒரு கை கத்தியைப் பிடித்திருக்கும். மறு கை வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்தெடுக்கும். மங்கை நேராக்கி வைக்கும். விளக்குக்கென்று மூன்றாவது கை ஏது? ஆகவே விளக்கு நெற்றிக்குப் போயிற்று. கார்பைடு விளக்குப் போய், இடுப்பில் பேட்டரியும் நெற்றியில் பல்புமாக மின்விளக்கு வந்த பிறகும் அதன் இடம் நெற்றியாகவே இருந்தது.

இதே கேள்வி தண்ணீருக்கு அடியிலும் எழுந்தது. நீரடி ஸ்கூட்டர் என்னும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டில் செல்பவருக்கும் கைகள் போதவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் விளக்கை நெற்றியில் கட்டாமல் இடது புறங்கையில் கட்டிக்கொண்டார்கள். பேட்டரி மட்டும் நம்மவர்களுக்கு இருந்தது போலவே இடுப்பில்தான் இருந்தது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் இன்று விளங்கிக்கொள்ளப் போகிறோம்.

முதலில் இந்த ஸ்கூட்டர் எத்தகையது என்று பார்ப்போம். பெயரைக் கேட்டு இரண்டு சக்கர வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதற்குச் சக்கரமும் இல்லை, இருக்கையும் இல்லை. நீண்ட உருளை ஒன்று. அதற்குள் பேட்டரியும் மின்மோட்டாரும். பின்முனையில் ஒரு விசிறி. விசிறியைச் சுற்றி ஒரு வளையக் கூடு. அக்கூட்டின் மேல் ஒரு கைப்பிடி. கைப்பிடியில் உள்ள விசையை விரலால் அழுத்தினால் விசிறி சுழன்று நீரைப் பின்னால் தள்ளும். இயந்திரம் முன்னால் போகும். பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். விரலை எடுத்தால் நின்றுவிடும். தரையில் 20 கிலோவுக்கு மேல் கனக்கும் வகைகளும் உண்டு. ஆனால் நீரில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும்படி அதன் எடையைச் சரிசெய்து வைத்திருப்பார்கள்.

1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'தண்டர்பால்' என்ற ஜேம்ஸ்பாண்ட் படத்தில் இத்தகைய இயந்திரங்களைப் பிடித்துக்கொண்டு நீருக்கடியில் சண்டை போடுவார்கள். அது சினிமா. உண்மையான சண்டையிலும் இதன் முன்னோடி ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியக் கடற்படையினர், மனிதர் இருவர் குதிரையேறுவது போல் ஏறி அமரும் நீரடி வாகனம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதை ஓட்டுவது பெரும்பாடாக இருந்ததால் அதற்குப் 'பன்றி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். 1941 டிசம்பரில் மூன்று பன்றிகளில் ஆறு பேர் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் இரவில் புகுந்து, பிரிட்டிஷாரின் இரண்டு பெரிய போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தார்கள். நாம் இங்கே பேசும் ஸ்கூட்டருக்கு அத்தகைய வேலை எதுவும் இல்லை. காலால் துழாவி நீந்தினால் களைத்துப்போகும் தொலைவைக் களைப்பின்றிக் கடப்பதற்கே இது பயன்படுகிறது.

இனி இருட்டைப் பற்றிப் பேசுவோம். பட்டப்பகலிலும் கடலுக்குள் வெளிச்சம் வேகமாகக் குறைகிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் குறைவதில்லை. முதலில் போவது சிவப்பு. 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதற்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே குங்குமத்தைக் காட்டினால் மங்கிய கருநிறமாகத்தான் தெரியும். கையில் கீறல் பட்டு இரத்தம் கசிந்தால், அது பச்சை கலந்த கறுப்பாகத் தோன்றிப் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். விளக்கை அருகே கொண்டுபோனால் உண்மை நிறம் திரும்பி வரும். இது கடலின் பகல் நேரத்துச் செய்தி. நீருக்கடியிலுள்ள குகைகளுக்குள் பகல் என்பதே கிடையாது.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சபா மாநிலத்துச் சிப்பாடான் தீவின் அடிவாரத்தில் ஒரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது. அதற்கு 'ஆமைக் கல்லறை' என்று பெயர். உள்ளே ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் வழி தவறி உள்ளே போனவை வெளியேறும் வாய் தெரியாமல் மூச்சுமுட்டி இறந்திருக்கின்றன. நீரிலேயே வாழும் ஆமைக்கே இந்தக் கதி என்றால், முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு விருந்தாளியாகப் போகும் மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே விளக்கு பார்ப்பதற்கு வேண்டும். இது யாருக்கும் தெரிந்ததே. அதற்கு இரண்டாவது வேலை ஒன்றும் இருக்கிறது. நம் பார்வையில் அதுவே பெரிய வேலை. விளக்குதான் அங்கே பேச்சு.

நீருக்கடியில் வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டிருப்பவரால் பேச முடியாது. தட்டி ஒலியெழுப்பலாம், ஆனால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு காதை எட்டுவதற்கும் மறு காதை எட்டுவதற்கும் உள்ள நுண்ணிய நேர வேறுபாட்டைக் கொண்டே நாம் திசையை அறிகிறோம். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்வதால் அந்த வேறுபாடு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒலி வருவது போலவே இருக்கும். கையசைத்துப் பேசலாம் என்றால், ஒருவர் பின் ஒருவராகப் போகையில் முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லையே!

அதனால் குகைகளில் முக்குளிப்பவர்கள் ஒளியாலேயே பேசிக்கொள்கிறார்கள். விளக்கின் ஒளிவட்டத்தைச் சுவரிலோ தரையிலோ மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினால் 'நான் நலம், நீ நலமா?' என்று பொருள். மற்றவரும் ஒரு சுற்றுச் சுற்றிப் பதில் தர வேண்டும். நிதானமாக இப்படியும் அப்படியும் அசைத்தால் 'கொஞ்சம் கவனி'. வேகமாகவும் ஓயாமலும் அசைத்தால் 'ஆபத்து, உடனே வா'. இந்த மூன்றே சொற்களில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. பேசாமல் பேசுவதும் ஒன்று உண்டு. பின்னால் வருபவர் தம் ஒளிவட்டத்தை முன்னால் போகிறவரின் ஒளிவட்டத்துக்குப் பக்கத்தில் விழும்படி பிடித்துக்கொண்டு வருவார். இரண்டு வட்டங்களும் அருகருகே அமைதியாகப் போய்க்கொண்டிருந்தால் எல்லாம் சரி. ஒரு வட்டம் காணாமற் போனால் முன்னால் போகிறவர் உடனே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். லயத்தில் அடுத்த வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் நாம் எட்டிப் பார்ப்பதில்லை. சத்தம் நின்றால்தானே என்ன ஆயிற்றென்று எழுந்து போகிறோம்!

இந்தப் பேச்சுக்கு ஏற்ற விளக்கு, ஒளியைப் பரப்பாமல் ஈட்டி போல் குவித்து அனுப்ப வேண்டும். 6 முதல் 10 பாகைக்குள் குவியும் கதிர் நல்லது. படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் அகன்ற ஒளி விளக்கு காட்சிக்கு அழகு. ஆனால் அதைக் கொண்டு வட்டம் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கூடத் தெரியாது.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். விளக்கை ஸ்கூட்டரின் மூக்கிலேயே பொருத்திவிடலாமே, மோட்டார் சைக்கிளுக்கு அப்படித்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சிலர் அப்படியும் பொருத்துகிறார்கள். வழியைப் பார்க்க அது உதவும். ஆனால் அந்த விளக்கு ஸ்கூட்டர் பார்க்கும் இடத்தை மட்டுமே பார்க்கும். பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டுமானால் ஸ்கூட்டரையே திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினால் நாமும் சுவரை நோக்கிப் போய்விடுவோம். 'நலமா?' என்று கேட்க முழு இயந்திரத்தையும் வட்டமடிக்க வைக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கூட்டர் பழுதாகிக் கைவிட நேர்ந்தால் விளக்கும் அதனோடு போய்விடும். விளக்கும் வண்டியும் ஒரே பேட்டரியை நம்பியிருந்தால் வண்டி நிற்கும் நேரமும் இருட்டாகும் நேரமும் ஒன்றாகவே வந்து சேரும். ஆகவே அது கூடுதல் விளக்காக இருக்கலாம். முதல் விளக்காக இருக்கலாகாது.

அப்படியானால் நெற்றி? பால் மரத்துக்குச் சரியாக இருந்தது இங்கே ஏன் ஒத்துவரவில்லை? அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். மரத்துக்குக் கண் இல்லை. அதன் முகத்தில் வெளிச்சம் அடித்தால் அது கூசாது. நீருக்கடியில் தோழரை நாம் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நெற்றி விளக்கு நேரே அவர் கண்ணில் அடிக்கும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் பளீரென்று ஒளி விழுந்தால் மறுபடி பார்வை தெளியச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் ஸ்கூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது காரணம் நீரில் மிதக்கும் தூசு. கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ இரவில் காரில் போனவர்கள் கவனித்திருப்பார்கள். மூடுபனியில் விளக்கை உயர்த்திப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். தாழ்த்திப் போட்டால் சாலை ஓரளவு தெரியும். ஒளி கண்ணுக்கு மிக அருகிலிருந்து புறப்பட்டால் பனித்துளிகள் அதைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். நீரிலும் அப்படியே. விளக்கு கண்ணிலிருந்து ஒரு கை தூரம் விலகி, பக்கவாட்டிலிருந்து ஒளி வீசினால் தூசு அவ்வளவாக மறைப்பதில்லை.

இருந்தாலும் நெற்றி விளக்கு நீருக்கடியில் எங்குமே ஆகாது என்று சொல்லிவிட நாம் விரும்பவில்லை. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய காற்பந்துப் பயிற்றுநரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள். பிரிட்டிஷ் குகைகள் குறுகலானவை, கலங்கலானவை. அங்கே பழகிய அவர்கள் தலைக்கவசத்தில் பல விளக்குகளைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். தாம் லுவாங்கில் நீர் சேறாக இருந்தது. கண்ணுக்கு எட்டியது கைக்கெட்டும் தூரம்கூட இல்லை. ஒரு கை கயிற்றைப் பிடிக்க வேண்டும். மறு கை சிறுவனைப் பிடிக்க வேண்டும். அங்கே தலைக்கவசமே சரியான இடம். ஜூலை 10 அன்று அனைவரும் வெளியே வந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னதாக, காற்றுக்கலன்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சமன் குனான் என்ற தாய்லாந்து நாட்டவர் உயிர்நீத்தார்.

ஸ்கூட்டர் செல்லும் குகை வேறு வகை. அகன்றது, நீண்டது, தெளிந்த நீர் உள்ளது. அங்கே இடது புறங்கைதான் இடம். விளக்கின் தலையை ஓர் உலோகச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்துக்குள் கையை நுழைத்துக்கொள்வார்கள். இதைக் குட்மேன் பிடி என்பார்கள். விளக்கு புறங்கையில் உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையும் ஐந்து விரல்களும் சும்மா இருக்கும். கையை எங்கே நீட்டினாலும் ஒளி அங்கே போகும். இடுப்பின் வலப்பக்கத்தில் உள்ள பேட்டரிக் குடுவையிலிருந்து ஒரு மின்கயிறு வயிற்றுக்குக் குறுக்கே வந்து இடக்கையைச் சேரும். இப்போது சிறிய பேட்டரியும் எல்.இ.டி. விளக்கும் வந்துவிட்டதால் கயிறே இல்லாத வகைகளும் கிடைக்கின்றன. 1980களில் ஈயப் பேட்டரியோடு இருந்த விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது மாயமாகத் தோன்றும்.

சரி, இடக்கைக்கு விளக்கு. வலக்கைக்கு ஸ்கூட்டரின் விசை. ஒரே கையால் அத்தனை பெரிய இயந்திரத்தைப் பிடித்து ஓட்ட முடியுமா? முடியாது, அதற்காகவே ஓர் இழுகயிறு உண்டு. முக்குளிப்பவர் அணியும் வார்ப்பட்டையில், இரண்டு தொடைகளுக்கும் இடையே வரும் வாரின் முன்புறம் ஓர் எஃகு வளையம் இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை அதில் மாட்டிவிடுவார்கள். இழுக்கும் பாரம் முழுவதும் இடுப்புக்குப் போய்விடும். வலக்கை பாரம் சுமப்பதில்லை. வண்டிமாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவன் போல் திசையை மட்டுமே காட்டுகிறது. மணிக்கட்டை ஒரு பக்கம் சாய்த்தால் ஸ்கூட்டரின் மூக்கு மறு பக்கம் திரும்பும், உடலும் தொடரும்.

இழுகயிற்றின் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னாலும் தகும். கயிறு குட்டையாக இருந்தால் விசிறி நெஞ்சுக்கு அருகே வந்துவிடும்; அது தள்ளும் நீரெல்லாம் நம் மேலேயே மோதும்; வேகமும் கெடும். மிக நீளமாக இருந்தால் வலக்கை விறைப்பாக நீண்டு, கால்மணி நேரத்தில் தோள் வலிக்கத் தொடங்கும். தோள் வலித்தால் இடக்கையையும் உதவிக்குக் கூப்பிடத் தோன்றும். இடக்கை போய்க் கூட்டைப் பிடித்துக்கொண்டால் விளக்கு எங்கோ பார்க்கும், பேச்சு நின்றுவிடும். முழங்கை சற்று மடங்கி, விசிறியின் நீரோட்டம் உடலுக்குக் கீழே ஓடிப்போகும்படி கயிற்றை அளந்து முடிவது நல்லது. இதை நீரில் இறங்கிப் பலமுறை பார்த்தே சரிசெய்ய முடியும். கடையில் வாங்கியபடியே யாருக்கும் பொருந்துவதில்லை.

ஓடும்போது இடக்கை முன்னே சற்றுப் பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும். ஸ்கூட்டரின் உருளை ஒளியை மறைக்கக் கூடாது. ஒளி உருளையின் மேல் பட்டால் அது திரும்பிக் கண்ணில் அடிக்கும். கூர்மையான வளைவில் திரும்பும்போது இரு கைகளாலும் பிடிக்க நேரலாம். அப்போதும் புறங்கை முன்னோக்கி இருக்கும்படி விரல்களால் மட்டும் பிடித்தால் கதிர் முன்னாலேயே போகும். கை ஆடக் கூடாது. புதிதாகப் பழகுபவர்கள் வேடிக்கை பார்க்கும் ஆவலில் ஒளியை அங்குமிங்கும் வீசுவார்கள். முன்னால் போகிறவர் அதை ஆபத்துக் குறியென்று எண்ணி நிற்பார். பின்னால் வருபவர் மோதுவார். இரண்டு மூன்று முறை வீணாக நின்றவர் நான்காம் முறை உண்மையான ஆபத்திலும் நிற்காமல் போகலாம். புலி வருது கதை நமக்குத் தெரிந்ததுதானே!

வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 3 கிலோமீட்டர் என்பது தரையில் கிழவர் நடக்கும் வேகம். ஆனால் அது நிமிடத்துக்கு 50 மீட்டர். தோழரின் ஒளிவட்டத்தை ஒரே ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டால், அவர் நின்றுவிட்டிருந்தால், நமக்கும் அவருக்கும் இடையே 50 மீட்டர் விழுந்துவிடும். இருட்டில் அது வெகுதூரம்.

ஆழத்தைக் காட்டும் கருவியை வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்வது வழக்கம். விசையைப் பிடித்த கை கண்ணுக்கு நேரே இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஆழம் தெரியும். இதை அலட்சியம் செய்யலாகாது. ஸ்கூட்டரின் மூக்குச் சற்றே மேல்நோக்கி இருந்தால் போதும், அறியாமலே உயர்ந்துவிடுவோம். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள காற்று, நீர்மட்டத்துக்கு வருவதற்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு உயர்ந்தவர்களின் நுரையீரல் கிழிந்திருக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

இத்தனை ஏற்பாடுகளும் எதற்காக என்று கேட்டால், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள வக்குல்லா ஊற்றைக் காட்டலாம். 1941இல் வந்த ஒரு டார்சான் படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய நாட்களில் டார்சான் படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காடும் நீரும் ஆப்பிரிக்கா என்றே மனத்தில் பதிந்திருக்கும்! அந்த ஊற்றின் வாய் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பல கிலோமீட்டர் நீளமான நீர்க்குகைகளாகப் பிரிகிறது. மழைக்குப்பின் இலைச்சாறு கலந்து அந்த நீர் தேநீர் நிறமாகிவிடும். 2007 டிசம்பர் 15 அன்று ஜாரட் ஜப்லான்ஸ்கி, கேசி மெக்கின்லி என்ற இருவர், டர்னர் சிங்க் என்ற பள்ளத்தில் இறங்கி, வக்குல்லா ஊற்றின் வழியே வெளியே வந்தார்கள். இடையிலிருந்த தூரம் சுமார் 11 கிலோமீட்டர். ஆழம் 80 மீட்டருக்கும் மேல். பயணத்துக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். அதன்பின் உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்காகப் படிப்படியாக மேலே வந்து காத்திருந்த நேரம் ஏறத்தாழ 14 மணி. காலால் நீந்தி இந்தத் தூரத்தை யாரும் கடக்க முடியாது. ஸ்கூட்டர்களே அவர்களை இழுத்துச் சென்றன.

அவர்கள் பல ஆண்டுகள் பழகியவர்கள், பெரிய குழுவின் துணையோடு போனவர்கள். அந்தத் துணை இல்லாதவருக்கு ஸ்கூட்டர் ஒரு மறைவான கண்ணியை வைத்திருக்கிறது. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 50 மீட்டர் போனால் 20 நிமிடத்தில் 1 கிலோமீட்டர் உள்ளே போய்விடலாம். அங்கே ஸ்கூட்டர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீந்தினால் நிமிடத்துக்கு 15 மீட்டர். திரும்பி வர 67 நிமிடம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு அங்கே 60 லிட்டர் வேண்டும். ஸ்கூட்டரில் திரும்ப 1,200 லிட்டர் போதும். நீந்தித் திரும்ப 4,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 12 லிட்டர்ச் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் இருப்பது 2,400 லிட்டர். உள்ளே போகச் செலவானதைக் கழிக்காமலே இந்தப் பற்றாக்குறை! விளக்குக்கும் இதே கணக்குத்தான். பேட்டரி எத்தனை நேரம் எரியும் என்பதை ஸ்கூட்டரின் வேகத்தில் அளக்கக் கூடாது. நீந்தித் திரும்பும் நேரத்தில் அளக்க வேண்டும். நெடுந்தூரம் போகிறவர்கள் உபரியாக ஒரு ஸ்கூட்டரைப் பின்னால் கட்டி இழுத்துப் போவது இதனால்தான்.

ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர் 1979இல் ஒரு சிறு நூல் எழுதினார். நீர்க்குகைகளில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொரு விபத்தாக ஆராய்ந்த நூல் அது. வாசலிலிருந்து அறுபடாத வழிக்கயிறு, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்று என்ற விதிகள் அத்தகைய ஆராய்ச்சியில் ஊன்றியவை. ஆளுக்குக் குறைந்தது 3 விளக்குகள் என்பதும் அந்த வரிசையில் சேர்ந்த விதியே. ஒன்று கையில், மற்ற இரண்டு சிறு டார்ச்சுகள் தோள்வார்களில், நெஞ்சோடு ஒட்டி, ரப்பர் வளையத்தில் செருகப்பட்டிருக்கும். எக்ஸ்லி 1994இல் மெக்சிகோவின் சக்கத்தோன் என்ற பெரும் பள்ளத்தில், மிக ஆழத்துக்கு இறங்கும் முயற்சியில் இறந்தார்.

கைவிளக்கு அணைந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே மாற்று விளக்கைத் தேடுவது பாறையில் மோதிக்கொள்ளும் வழி. இயந்திரம் இழுகயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்; எங்கும் போய்விடாது. வலக்கையால் நெஞ்சில் உள்ள டார்ச்சைத் தடவி எடுத்து எரியவைத்து, அதன் பிறகே தோழருக்குக் குறி காட்ட வேண்டும். ஒரு விளக்குப் போனதுமே பயணம் முடிந்தது; இன்னும் இரண்டு இருக்கிறதே என்று முன்னேறக் கூடாது.

விளக்கின் மின்கயிறு வேறொரு தொல்லையும் தரும். ஸ்கூட்டரின் விசிறி நம் முகத்துக்கும் நெஞ்சுக்கும் சற்று முன்னால்தான் சுழல்கிறது. அது முன்னாலுள்ள நீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளும். தொய்வாகத் தொங்கும் எதையும் அது தன் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். மின்கயிறு, கொக்கி வார், இழுகயிறுகூட. கயிறு சுற்றிக்கொண்டால் விளக்கும் போகும், ஸ்கூட்டரும் போகும், இடக்கையும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆகவே மிச்சமான மின்கயிற்றை இடுப்புப் பட்டைக்குள் செருகிவிடுவார்கள். நிற்கும்போது இழுகயிறு தொய்ந்துவிடும் என்பதால், கயிறு எங்கே கிடக்கிறது என்று பார்த்த பின்பே மறுபடி விசையை அழுத்துவார்கள். சில சமயம் விசை சிக்கிக்கொண்டு விரலை எடுத்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருப்பதுண்டு. மின்தொடர்பைத் துண்டிக்கும் வழி இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். கையில் விளக்கைக் கட்டிக்கொண்டபடியே, கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்யப் பழகியிராதவரை ஆழத்துக்கு அனுப்புவது சரியன்று என்பது நம் கருத்து.

விசிறியின் நீரோட்டம் அடிமண்ணைக் கிளறிவிட்டால் எந்த விளக்காலும் பயனில்லை. பாலில் டார்ச் அடித்தது போல் இருக்கும். அப்போது விளக்கை நெஞ்சுப் பக்கம் திருப்பி ஒளியை மறைத்துவிட்டு, இடக்கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வழிக்கயிற்றைச் சுற்றி வளையமாகக் கூட்டி, தடவிக்கொண்டே வெளியேற வேண்டும். விளக்கைக் கையால் பிடிக்காமல் புறங்கையில் கட்டியதன் அருமை அப்போது தெரியும்.

இறங்குமுன் செய்யவேண்டிய சோதனை மிகச் சிறியது. விளக்கின் மூடி சேரும் இடத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். பெரும்பாலும் அது பால் மரத்து ரப்பர் அன்று. எண்ணெய் பட்டாலும் ஊறாத செயற்கை ரப்பர். 90 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 9 கிலோ எடையுள்ள நீர் உள்ளே நுழைய முட்டிக்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிற்பது இந்த வளையம் ஒன்றே. அதன்மேல் ஒரு தலைமயிரோ ஒரு மணல் துகளோ இருந்தால் நீர் வழி கண்டுபிடித்துவிடும். ஆகவே வளையத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்து, துடைத்து, சிறிது மசகு தடவி மூடுவார்கள். பிறகு விளக்கை எரியவிட்டுக் கரையோர நீரில் அமிழ்த்தி, மூடியிலிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குமிழி வந்தால் அன்றைக்கு அந்த விளக்கு கரையிலேயே தங்கிவிடும்.